சேர்விஸுக்குப் பிறகு மேடேறாத பெக்கோ

பதுளையிலிருந்து பசறை, லுணுகலைப் பக்கம் போகும் வீதியிலும், ஹாலி-எலையிலிருந்து பண்டாரவளை, அப்புத்தளை வழியாகப் பெரகலைக்குப் போகும் வீதியிலும், வடகீழ்ப் பருவ மழை பிடித்துவிட்டால் எங்காவது ஓரிடத்தில் மண்மேடு இறங்கியே தீரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகள் பெயர்ந்தபோதும் எல்லோரும் வழிபார்த்திருந்த இயந்திரம் பெக்கோதான். மழையில்லாத மாதங்களிலும் தோட்டங்களில் அதற்கு ஓய்வில்லை. கான் வெட்ட வேண்டும், பாதை திருத்த வேண்டும், மறுநடுகைக்காகப் பழைய தேயிலையைப் பிடுங்க வேண்டும். ஆகவே கச்சான் காற்று அடிக்கும் ஆடி ஆவணியில் சேர்விஸை முடித்து, மழைக்கு முன் இயந்திரத்தைத் தயாராக வைப்பது நல்ல வழக்கம். ஆனால் அப்படி முடித்த கையோடு சில வண்டிகள் மேட்டில் இழுக்க மறுக்கும். கியரைப் போட்டால் மூன்று நொடி யோசித்துவிட்டு நகரும், அல்லது முன்னால் போகும், பின்னால் வராது. "சேர்விஸ் பண்ணுறதுக்கு முந்தி நல்லாத்தானே ஓடுச்சு" என்ற பேச்சு எழும். அடுத்த பேச்சு கியர்பொக்ஸைக் கழற்றுவதைப் பற்றியதாக இருக்கும். அந்த இரண்டாவது பேச்சைத் தள்ளிப்போடுங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். சேர்விஸுக்குப் பின் வரும் கோளாறில் முதல் சந்தேகம் சேர்விஸ் மீதே விழ வேண்டும். ஊவாவைப் போன்ற சரிவு நிலத்தில் அதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது.

பெக்கோ என்று நம் ஊரில் இரண்டு இயந்திரங்களைச் சொல்கிறோம். சங்கிலிச் சக்கரத்தில் ஊர்ந்து, மேற்பாதி முழுதாகச் சுழலும் எக்ஸ்கவேட்டர் ஒன்று. அதை நகர்த்துவது ஹைட்ரோலிக் மோட்டார் என்பதால் அது வேறு கதை. இங்கே பேசுவது டயரில் ஓடி, முன்னால் அகன்ற வாளியும் பின்னால் தோண்டும் கையும் வைத்திருக்கும் வண்டியைப் பற்றி. அதன் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே நேரடி இரும்பு இணைப்புக் கிடையாது. இருப்பது டோர்க் கொன்வேட்டர். ஒரு மூடிய கூட்டுக்குள் எதிரெதிராக இரண்டு விசிறிச் சக்கரங்கள், நடுவில் ஒயிலின் போக்கைத் திருப்பிவிடும் மூன்றாவது சக்கரம். எஞ்சின் சுழற்றும் சக்கரம் ஒயிலை வீசுகிறது, அந்த வீச்சு அடுத்த சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் 1905இல் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. வாளி மண்ணில் குத்தி வண்டி நின்றுவிட்டாலும் எஞ்சின் அணையாததும், அந்த நேரத்தில் முறுக்குவிசை இரண்டு, மூன்று மடங்காகப் பெருகுவதும் இதனால்தான். கொன்வேட்டரைத் தாண்டினால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு கிளச் அடுக்குகள். இவற்றை இறுக்குவது சாரதியின் காலல்ல, ஒயிலின் அழுத்தம். அது பல இயந்திரங்களில் இருபது பாரைச் சுற்றியே இருக்கும். அதே வண்டியில் வாளியைத் தூக்கும் ஹைட்ரோலிக் அழுத்தமோ 200 பாருக்கு மேல். விசையைக் கடத்துவது, கிளச்சை இறுக்குவது, பல்சக்கரங்களுக்கு வழுக்கல் கொடுப்பது, சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோவது ஆகிய நான்கையும் செய்வது ஒரே ஒயில். இந்த ஒயிலைத்தான் சேர்விஸில் மாற்றுகிறோம். கியர்பொக்ஸ் திறக்கப்படவில்லை, பல்சக்கரங்களை யாரும் தொடவில்லை. மாறியவை ஒயில், பில்டர், வடிகட்டி வலை, வழியில் கைபட்ட சில வயர்கள். நேற்று இல்லாத கோளாறு இன்று வந்தால், நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே மாறியதிலிருந்து தேடுவது முறையான தர்க்கம்.

முதலில் அளவு. கையேட்டில் மொத்தக் கொள்ளளவு என்று ஒரு எண் இருக்கும். வடிகுழாய் நட்டைக் கழற்றினால் வெளியே வருவது அதுவல்ல. கொன்வேட்டருக்குள்ளும் கூலரிலும் குழாய்களிலும் பழைய ஒயிலில் ஒரு பங்கு தங்கிவிடும். அதை மறந்து மொத்தக் கணக்கையும் ஊற்றினால் ஒயில் மிஞ்சிப்போய், சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரை சூடாகும், வென்ட் வழியாகப் பொங்கும். எதிர்த் தவறும் உண்டு. டிப்ஸ்டிக்கை எப்போது பார்ப்பது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு. சிலவற்றில் ஒயில் சூடேறி, எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். சிலவற்றில் எஞ்சினை நிறுத்தி, குறித்த நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் நின்றால் மேலே இருக்கும் ஒயிலில் ஒரு பகுதி அடித்தொட்டிக்குத் திரும்புவதால் மட்டம் உயர்ந்து தெரியும். ஓடும்போது பார்க்க வேண்டிய வண்டியை நிறுத்திப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்று மூடினால் சில லீட்டர் குறைவாகவே அனுப்பியிருப்போம். வடித்த ஒயிலை அளவு கீறிய வாளியில் பிடித்து, எத்தனை லீட்டர் வந்தது என்று எழுதி வைக்கும் கராஜ் இந்தத் தவறில் பாதியைத் தவிர்த்துவிடும்.

இங்கேதான் ஊவா குறுக்கிடுகிறது. பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து 700 மீற்றருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீற்றரைத் தாண்டி. இடையில் மட்டமான தரை என்பது ரயில்வே ஸ்டேஷன், விளையாட்டு மைதானம், பக்டரி முற்றம் போன்று வெட்டி உண்டாக்கிய இடங்கள்தான். தோட்டத்துக் கராஜின் வாசல் பெரும்பாலும் சரிவுதான். அரை மீற்றர் நீளமான அடித்தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வண்டி பத்துப் பாகை சாய்ந்து நின்றால், தொட்டியின் ஒரு முனையில் ஒயில் மட்டம் மறுமுனையைவிடக் கிட்டத்தட்ட ஒன்பது சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும். டிப்ஸ்டிக்கில் குறைந்த கோட்டுக்கும் நிறைந்த கோட்டுக்கும் இடையே உள்ள தூரமோ இரண்டு விரல் அகலம். ஆகவே மூக்கு மேலே தூக்கி நிற்கும் வண்டியில் டிப்ஸ்டிக் ஏறக்குறைய எதையும் சொல்லும். பாதிப்பு அத்தோடு முடிவதில்லை. பம்புக்கு ஒயிலை உறிஞ்சிக் கொடுக்கும் வாய் தொட்டியின் ஓரிடத்தில் நிலையாக இருக்கிறது. மட்டத்தில் நிற்கும்போது அதை மூடியிருக்கும் ஒயில், மேடேறும்போது மறுபக்கம் ஓடிவிடலாம். அப்போது பம்ப் உறிஞ்சுவது காற்றும் ஒயிலும் கலந்த நுரை. ஒயிலைப் போலன்றிக் காற்று நசுங்கும். அதனால் கிளச்சை இறுக்க வேண்டிய அழுத்தம் விழுந்துவிடும். இருக்கும் இருபது பாரில் இழப்பதற்கு அதிகம் இல்லை. வெல்லவாயச் சமவெளியில் அதே வண்டி, அதே குறைந்த ஒயிலோடு நாள்முழுக்கக் குறையில்லாமல் ஓடியிருக்கக்கூடும். கோளாறு மேட்டில் மட்டும் வருகிறதா, ஒரு பக்கம் சாயும்போது மட்டும் வருகிறதா, திருப்பி நிறுத்தினால் மறைகிறதா என்று கேட்பது ஒரு சதம் செலவில்லாத பரிசோதனை. தேய்ந்த கிளச் மேட்டில் கூடுதலாக வழுக்கும், உண்மைதான். ஆனால் அது முன்பக்கம் மேட்டை நோக்கி ஏறினாலும் பின்பக்கமாக ஏறினாலும் வழுக்கும்; வண்டியைத் திருப்பியதால் திருந்தாது. முன்கிளச், பின்கிளச் இரண்டும் தனித்தனி என்பதை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்தது, எந்த ஒயில் என்பது. "ஒயில் எல்லாம் ஒயில்தானே" என்பது மலைநாட்டுக்கு மட்டும் உரிய நம்பிக்கை இல்லை. உலகம் முழுக்க இருக்கிறது. ஒயிலில் மூழ்கிய கிளச் தட்டுகள் ஒன்றையொன்று பிடிப்பது, நடுவே உள்ள ஒயில் படலம் எவ்வளவு உராய்வை விட்டுவைக்கிறது என்பதைப் பொறுத்தது. எரிபொருள் மிச்சம் பிடிக்கவென்று உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த எஞ்சின் ஒயிலை இதில் ஊற்றினால், எஞ்சினுக்கு நன்மையான அந்தக் குணமே கிளச்சை வழுக்கச் செய்யும். அச்சுப்பெட்டிக்கு உரிய கனத்த கியர் ஒயிலை ஊற்றினால், பண்டாரவளையின் குளிர்ந்த காலையில் அது வடிகட்டி வலையைக் கடக்கத் தயங்கும். வண்டி தாமதமாக நகர்ந்து, சூடேறியதும் சரியாகும். மெல்லிய ஒயில் என்றால் நேர்மாறு: காலையில் நன்றாக இழுக்கும், மத்தியானம் வழுக்கும். கெட்டர்பில்லர் நிறுவனம் 1991இல் டீஓ-4 என்ற தரத்தைத் தனியாக வகுத்ததே, கிளச்சும் பல்சக்கரமும் கேட்கும் குணங்கள் எஞ்சின் கேட்பதிலிருந்து வேறுபட்டவை என்பதால்தான். எல்லா வண்டிக்கும் அதே தரம் பொருந்தும் என்று இதற்குப் பொருளில்லை. கையேடு கேட்கும் தரமும் பீப்பாயின் மேல் எழுதியிருக்கும் தரமும் ஒன்றா என்று பார்ப்பதற்கு ஸ்பெனர் தேவையில்லை.

கையால் பூட்டியவற்றில் ஏமாற்றக்கூடியவை மூன்று. பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் தலைப்பகுதியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதைப் பூட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்து, அழுத்தம் ஏறியதும் ஒயில் பீச்சும். இது கண்ணுக்குத் தெரியும், ஆகவே ஆபத்துக் குறைவு. பம்புக்கு முந்திய உறிஞ்சும் பக்கத்தில், வடிகட்டி வலையின் மூடியில் வளையம் நெளிந்து உட்கார்ந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. உள்ளே காற்றுப் போகும், அவ்வளவுதான். தரை காய்ந்திருக்க, டிப்ஸ்டிக்கில் வெளுத்த நுரை ஏறியிருந்தால் தேட வேண்டிய இடம் அது. மூன்றாவது வயர். சேர்விஸுக்கு முன் உயர் அழுத்தத் தண்ணீரால் சேறு கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் முன்-பின் சொலனொய்ட் வால்வுகளின் பிளக்குகளுக்குள் போகும். கழற்றிய பிளக் சரியாக உட்காராமலும் போகலாம். கைபிரேக்கைச் சரிசெய்தபோது அதன் சுவிட்ச் நகர்ந்திருந்தால், பிரேக் இன்னும் இழுத்தே இருக்கிறது என்று நினைத்துச் சில வண்டிகள் கிளச்சுக்குப் போகும் ஒயிலையே துண்டித்துவிடும். முழுதாகச் செத்ததுபோல் நிற்கும் கியர்பொக்ஸ், உண்மையில் அந்தச் சுவிட்சுக்குக் கீழ்ப்படிந்து நிற்கிறது. ஒரு திசை மட்டும் வேலை செய்யவில்லையென்றால் அந்தத் திசைக்குரிய வால்வு, பிளக், கிளச். இரண்டு திசையும் போனால் இரண்டுக்கும் பொதுவான ஒயில், பம்ப், சுவிட்ச். இந்த ஒரு பிரிவினையே தேடலைப் பாதியாக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது, கராஜ்களில் காலம் காலமாக நிலைத்துவிட்ட ஒரு கருத்து: பழைய ஒயிலே வண்டியைத் தாங்கிப் பிடித்திருந்தது, புதிய ஒயிலை ஊற்றியதால் கியர்பொக்ஸ் போய்விட்டது. முழுக்கத் தள்ளிவிடக்கூடிய கருத்தல்ல. ரப்பர் சீல்கள் இறுகித் தேய்ந்துபோன பெட்டியில், அழுக்கேறித் தடித்த ஒயில் மெதுவாகக் கசியும். புதிய, சரியான தடிப்புள்ள ஒயில் வேகமாகக் கசியும். கிளச்சின் அழுத்தம் குறையும். ஆனால் அப்படியானால் தேய்மானம் ஏற்கெனவே இருந்தது, சேர்விஸ் அதை வெளிக்காட்டியது. வடித்த பழைய ஒயிலைத் திரும்ப ஊற்றினால் அது இன்னும் சில வாரம் மறைந்திருக்கும், குணமாகாது. சேர்விஸைச் செய்யாமல் விடுவதற்கும் அது காரணமாகாது. மற்றொரு எதிர்வாதம், ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததாலேயே முதலாவது இரண்டாவதற்குக் காரணமாகிவிடுமா என்பது. ஆகாது. பழுது தற்செயலாக அதே வாரத்தில் வந்திருக்கலாம். ஆனால் நான் சொல்வது தேடும் வரிசையைப் பற்றி, தீர்ப்பைப் பற்றியல்ல. மட்டம், தரம், வளையம், பிளக் ஆகியவற்றைப் பார்த்து முடிக்க அரை நாள் போதும். கியர்பொக்ஸை இறக்க வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும், செயின் புளொக் வேண்டும், பாகங்கள் பெரும்பாலும் கொழும்பிலிருந்து வர வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதையே மூடிக் கிடக்கலாம். கச்சான் புழுதி பறக்கும் கொட்டிலில் திறந்த கியர்பொக்ஸுக்குள், முன்பு இல்லாத கோளாறு ஒன்றும் சேர்ந்து பூட்டப்படக்கூடும்.

தேய்மானமா, சேர்விஸ் தவறா என்று பிரித்துச் சொல்லும் கருவி விலையுயர்ந்ததல்ல. நாற்பது பார் வரை காட்டும் பிரஷர் கேஜ் ஒன்றும், கியர்பொக்ஸின் சோதனைத் துளைக்குப் பொருந்தும் இணைப்பும் போதும். "எங்க பாஸ் சத்தத்தைக் கேட்டே சொல்லிருவார்" என்பார்கள். அனுபவசாலி மெக்கானிக் சத்தத்தால் பம்ப் காற்றுக் குடிப்பதைக் கண்டுபிடிப்பது உண்மைதான். பதினெட்டுப் பாருக்கும் பதின்மூன்று பாருக்கும் உள்ள வித்தியாசத்துக்குச் சத்தமில்லை. ஒயில் சூடாக இருக்க, முன் கியரிலும் பின் கியரிலும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் பம்பும் அதற்கு முந்தியதும். ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்தக் கிளச்சின் சீல். இரண்டிலும் கையேட்டின் அளவு வந்தும் வண்டி வழுக்கினால், தட்டுகளும் கொன்வேட்டரும் கேள்விக்குள்ளாகும். அதற்குச் சாட்சி ஏற்கெனவே குப்பையில் கிடக்கக்கூடும்: கழற்றிய பழைய பில்டர். அதை வெட்டி விரித்துப் பார்த்தால், மடிப்புகளில் கறுத்த நார்த்தூள் கிளச் தட்டுகளிலிருந்தும், பொன்னிறத் துகள் வெண்கல வளையங்களிலிருந்தும் வந்தவை. வடிநட்டின் காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறச் சேறு இருப்பது வழக்கம். நகத்தில் சிக்கும் அளவு இரும்புச் சில்லு வழக்கமல்ல. மின்னணுவில் கிளச்சைக் கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில், சில வேலைகளுக்குப் பிறகு கிளச் நிரம்பும் நேரத்தைக் கணினியில் மீண்டும் பதிய வேண்டியிருக்கும். அதைச் செய்யாவிட்டால் ஆரோக்கியமான பெட்டியும் கியர் மாறும்போது குலுங்கும். இத்தனையும் பார்த்த பிறகும் கோளாறு நின்றால் கியர்பொக்ஸைத் தாராளமாக இறக்கலாம். அனுப்பும்போது வெட்டிய பில்டரையும், எத்தனை லீட்டர் வடிந்தது, எந்த ஒயில் எவ்வளவு ஊற்றியது, முன்னுக்கும் பின்னுக்கும் எத்தனை பார் என்று எழுதிய தாளையும் கூடவே கொடுத்துவிட வேண்டும். பெட்டியைத் திறக்கப்போகும் கைக்கு முதலில் தேவைப்படுபவை அவைதான்.