ஊமைக்காயம்

இழையும் பிசினும் – 9

கார்பன் இழைகளை எபாக்சி பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்து, வெப்பமும் அழுத்தமும் தந்து விமானத்தின் உடலை உருவாக்கும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். போயிங் 787-இன் எடையில் ஏறத்தாழப் பாதி இந்தக் கூட்டுப்பொருள்தான். ஏர்பஸ் ஏ350-இல் 53 சதவீதம். நம் தேஜஸ் போர் விமானத்தின் இறக்கையும் இதே இனம்தான்.

இவ்வளவு வலுவான பொருளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. பழுதுபார்ப்பவரின் கை நழுவி விழும் ஸ்பேனர், ஓடுபாதையில் சக்கரம் கிளப்பிவிடும் கல், நிறுத்துமிடத்தில் வந்து இடிக்கும் சரக்கு வண்டி. பொறியாளர்களை அதிகம் கவலைப்படுத்துபவை இந்த மெதுவான மோதல்கள்.

அலுமினியத் தகட்டில் ஸ்பேனர் விழுந்தால் பள்ளம் விழும். உலோகம் நெளிந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்கிறது. நடந்ததற்கு அந்தப் பள்ளமே சாட்சி. கார்பன்–எபாக்சி அப்படி நெளியாது. விரிசல் விட்டுத்தான் அடியின் ஆற்றலைச் செலவழிக்கும்.

மெதுவான மோதல் சில மில்லி விநாடிகள் நீடிக்கும். அதற்குள் தகடு முழுவதும் வளைந்து மீள்கிறது. முதலில் பிசினில் நுண்விரிசல்கள் தோன்றும். ஒரு விரிசல் அடுக்கின் எல்லையை எட்டியதும், குறுக்கே நிற்கும் அடுத்த அடுக்கின் இழைகளை அறுக்க முடியாமல் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு அடுக்குகளையும் பிரித்துக்கொண்டு ஓடும். இழைகளின் திசை மாறும் இடங்களில்தான் இந்தப் பிரிவு நேர்கிறது. அடிபட்ட இடத்திலிருந்து கீழே போகப்போகச் சேதம் கூம்புபோல் விரியும். மேலே ஒரு சிறு தடம்கூடத் தெரியாமல் இருக்கலாம்.

இழுவிசையை இந்தத் தகடு ஓரளவு சமாளித்துவிடும். அழுத்தினால்தான் ஆபத்து. பிரிந்த மெல்லிய அடுக்குகள் ஒன்றுக்கொன்று துணையின்றித் தனித்தனியே மடங்கும். அழுத்தம் தாங்கும் வலிமை பாதிக்கும் கீழே இறங்குவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

கண்டுபிடிக்க வழியுண்டு. சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல, பரிசோதகர் சிறு சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்பார். பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஆழத்தையும் பரப்பையும் துல்லியமாக அறிய மீயொலிக் கருவி வேண்டும். ஆனால், எங்கே தட்டுவது என்று யாராவது சொல்ல வேண்டுமே!

அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி, சேதங்களை 5 வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை, பரிசோதனையில் தப்பிவிடக்கூடியது. அது இருந்தாலும், பயன்பாட்டில் எதிர்பார்க்கும் உச்ச சுமையைப்போல் ஒன்றரை மடங்கை விமானம் தாங்கியாக வேண்டும். ஐந்தாம் வகை, வண்டி மோதுவதுபோல வடிவமைப்பின் கணக்கில் அடங்காதது. அங்கே சூத்திரமும் கருவியும் மட்டும் போதாது. பார்த்தவர் உடனே தகவல் சொல்ல வேண்டும் என்பதையே வழிகாட்டி நம்பியிருக்கிறது.

ஆகவே விமான நிலையங்களை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். “வண்டி இடிச்சிடுச்சு சார்” என்று வந்து நிற்கும் தொழிலாளியைத் தண்டிக்காதீர்கள். அவர் வேலை போனால், அடுத்து இடிப்பவர் வாய் திறக்கமாட்டார். அந்த மௌனத்தின் விலையை விமானத்தில் ஏறுபவர்கள் கொடுக்க நேரும்.

(தொடரும்)