பூட்டிய கடைவீடும் எங்கள் பறையும்

கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலிருந்து இரண்டு சந்து தள்ளி ஒரு பழைய கடைவீடு பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. மேல்மாடிச் சுவரில் ஆலங்கன்று ஒன்று வேர் விட்டிருந்தது. சன்னல் கண்ணாடிகள் உடைந்து, உள்ளே புறாக்கள் குடியிருந்தன. நான் படிவம் ஐந்து படித்த காலத்திலிருந்து அதை அப்படியேதான் பார்த்து வருகிறேன்.

அப்போது நாங்கள் ஏழு பேர். பறை அடிப்போம், வீதி நாடகம் போடுவோம். பயிற்சி செய்ய மட்டும் இடமில்லை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அடித்தால் மூன்றாம் மாடி ஆண்டி இறங்கி வந்துவிடுவார். “தம்பி, பிள்ள எஸ்பிஎம் எழுதப் போவுது, கொஞ்சம் விட்டுக் கொடுங்களேன்” என்பார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சமூக மண்டபத்துக்குப் போனால் சனி, ஞாயிறு எல்லாம் கல்யாணங்களுக்குக் கொடுத்தாகிவிட்டது என்பார்கள். பறையைப் போர்வையில் சுற்றி அடித்துப் பார்த்தோம். அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

பிறகு ஒரு நாள் அந்தக் கடைவீட்டின் பின்சந்தில் துத்தநாகத் தகடு ஒன்று ஆணி கழன்று தொங்குவதை ஒருவன் கண்டுபிடித்தான்.

இரண்டு சனிக்கிழமைகள் உள்ளே போனோம். பெருக்கினோம், கைவிளக்குகளை மாட்டினோம். ‘யாருமே பயன்படுத்தாத இடம், நாம் பயன்படுத்தினால் என்ன?’ என்பதுதான் எங்கள் வாதம். அந்த வயதில் அது அசைக்க முடியாத வாதமாகத் தெரிந்தது. மூன்றாவது சனிக்கிழமை மாடிப்படியின் பலகை உடைந்து, நண்பன் ஒருவன் கீழே விழுந்தான். கணுக்கால் எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் ஃபுட்சல் விளையாடும்போது விழுந்ததாகச் சொன்னோம். அவன் அம்மா ஒரே நாளில் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் அப்பா திட்டித் தீர்த்தார். பாட்டி திட்டவில்லை. அவர் சொன்னதுதான் இன்றுவரை மனதில் நிற்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு பந்தாய் டாலாமில் ரயில் பாதையோரம் பலகை வீட்டில் பல ஆண்டுகள் குடியிருந்தவர் அவர். “எங்கள செத்திங்கான்னு சொல்லுவாங்க. நாங்க போக எடமில்லாம ஒக்காந்தோம். நீங்க ஆசைக்குப் போய் ஒக்காந்தீங்க. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்காத” என்றார்.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கைவிடப்பட்ட கட்டடத்தில் புகுந்து கலைக்கூடம் அமைப்பது ஐரோப்பாவில் பலமுறை நடந்திருக்கிறது. பாரிஸில் ரிவோலி தெரு 59ஆம் எண் கட்டடம் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. 1999 நவம்பரில் ஓவியர்கள் சிலர் உள்ளே புகுந்து, குப்பையை அள்ளி, கதவைத் திறந்து வைத்து மக்களை உள்ளே அழைத்தார்கள். கூட்டம் குவிந்தது. வழக்கும் வந்தது. கடைசியில் மாநகராட்சியே கட்டடத்தை வாங்கிப் பழுது பார்த்து, 2009இல் கலைஞர்களுக்கே திறந்துவிட்டது. இன்றும் அங்கே ஓவியர்கள் வேலை செய்வதைப் படியேறிப் போய்ப் பார்க்கலாம்.

பெர்லினின் தாகெலெஸ் கதை அப்படி முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்காடி வளாகமாகக் கட்டப்பட்டு, போரில் சேதமடைந்து, இடிப்பதற்கு நாள் குறிக்கப்பட்ட கட்டடம் அது. 1990 பிப்ரவரியில் கலைஞர்கள் புகுந்துதான் அதைக் காப்பாற்றினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். அதனாலேயே அந்த வட்டாரத்தின் விலை ஏறியது. 2012 செப்டம்பரில் மிச்சமிருந்த கலைஞர்களும் வெளியேற்றப்பட்டார்கள்.

இங்கே அந்த வழிக்கே இடமில்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பிறர் நிலத்தை 12 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்தவர் உரிமை கோர முடிந்தது. நம் நாட்டின் தேசிய நிலச் சட்டம் அதை முழுதாக மூடிவிட்டது. 48ஆவது பிரிவு அரசு நிலத்துக்கு, 341ஆவது பிரிவு தனியார் நிலத்துக்கு. எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் குடியிருந்த காரணத்தால் மட்டும் நிலம் உங்களுடையது ஆகாது. பாட்டியின் பலகை வீடு உடைக்கப்பட்டபோது அவரிடம் காட்ட ஒரு காகிதமும் இருக்கவில்லை. அந்த இரண்டு பிரிவுகளையும் படித்தபோதுதான் அது எனக்கு முழுதாகப் புரிந்தது.

ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பாழடைந்த கட்டடங்கள் கலைக்கூடங்களாக மாறாமலும் இல்லை. கோலாலம்பூர் சுல்தான் சாலையில் உள்ள ரெக்ஸ் திரையரங்கு 1947இல் தொடங்கியது. 1972இல் எரிந்தது, 1976இல் மறுபடி எழுந்தது, 2002இல் திரையரங்காக மூடப்பட்டது. 2019இல் ஷின் சாங், ஷின் செங் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் அதை ‘ரெக்ஸ் கேஎல்’ என்ற பெயரில் கலை, பண்பாட்டு இடமாகத் திறந்தார்கள். கம்போங் அத்தாப்பில் 1950களில் கட்டப்பட்ட சோங்ஷான் கட்டடத்தில் இப்போது ஓவியக்கூடமும் சின்னச் சின்னப் படைப்பாளர் கடைகளும் இருக்கின்றன.

எனக்கு மிகவும் நெருக்கமானது செந்தூல். டத்தாரான் மெர்டேக்காவின் அடியில் இருந்த தி ஆக்டர்ஸ் ஸ்டூடியோ நாடக அரங்கு 2003 ஜூன் வெள்ளத்தில் மூழ்கியது. ஜோ ஹாஷாமும் ஃபரிடா மெரிக்கனும் அத்துடன் நிறுத்திவிடவில்லை. செந்தூலில் பழைய ரயில்வே கட்டடம் ஒன்று சிதைந்து நின்றது. அதன் செங்கல் சுவர்களை வைத்துக்கொண்டே புதிய அரங்கு கட்டப்பட்டு, 2005இல் கேஎல்பேக் திறக்கப்பட்டது. செந்தூல் ரயில்வேயில் உழைத்த தமிழர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் தாத்தாக்களைக் கேட்டால் தெரியும். அங்கே நாடகம் பார்க்கப் போனால் திரை விலகும் முன் ஒரு முறை அந்தச் சுவரைப் பாருங்கள்.

இவை எதிலும் யாரும் பின்சந்துத் தகட்டை நகர்த்தவில்லை. உரிமையாளரின் சம்மதம் இருந்தது, பணம் போட ஆள் இருந்தார்கள். எங்களிடம் பணம் இல்லை. சம்மதமாவது கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. அவசரமும் இருந்தது. கல்லூரிக்காக பிரிக்பீல்ட்ஸ் போய் வரும்போதெல்லாம் ரொசாரியோ சாலையைக் கடப்பேன். நூறாண்டு பழைய ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வரிசை வீடுகள் அங்கேதான் இருந்தன. அவற்றை இடித்துத் தரைமட்டமாக்கி விட்டார்கள்.

உரிமையாளரைக் கண்டுபிடிப்பது நினைத்ததைவிட எளிது. நில அலுவலகத்தில் லாட் எண்ணைக் கொடுத்து, கட்டணம் கட்டினால் பதிவேட்டில் உள்ள பெயரும் முகவரியும் கிடைக்கும். இதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை, மாணவரும் போகலாம். எங்களுக்குக் கிடைத்த பெயர் இறந்துபோன ஒருவருடையது. பிள்ளைகள் ஐந்து பேர், சொத்து பாகம் பிரிக்கப்படவில்லை, ஒருவர் ஆஸ்திரேலியாவில். கட்டடத்தில் ஆலமரம் முளைத்த காரணம் அதுதான்.

மூத்த மகள் பெட்டாலிங் ஜெயாவில் இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மைலோ கலக்கிக் கொடுத்து, நாங்கள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். நான் பேசி முடித்ததும் தொண்டையில் ஏதோ அடைத்தது. “ஆண்டி, பின்பக்கத் தகட்ட நகத்தி உள்ள போனது நாங்கதான்” என்றேன். பக்கத்திலிருந்த நண்பன் என் காலை மிதித்தான்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பையனுக்கு கால் எப்படி இருக்கு?” என்று கேட்டார். பக்கத்துத் தையல்கடைக்காரர் அன்றைக்கே போன் செய்துவிட்டாராம்.

“வாங்க வந்தவங்க இருக்காங்க, இடிக்கவான்னு கேட்டு வந்தவங்க இருக்காங்க. வாசிக்கிறோம்னு வந்தது நீங்கதான் தம்பி” என்றார். தம்பி தங்கைகளிடம் பேசி ஒரு மாதம் கழித்து சாவி கொடுத்தார். அதோடு எழுத்தில் நிபந்தனைகளும் வந்தன. கீழ்த்தளம் மட்டும்; மாடிக்கு யாரும் போகக்கூடாது. சனிக்கிழமை ஆறிலிருந்து ஒன்பது வரை. மின்கம்பிகளை உரிமம் பெற்றவர் சோதிக்க வேண்டும். கேட்டால் காலி செய்ய வேண்டும். கம்பிகளை மாற்ற 450 ரிங்கிட் ஆனது. ஆளுக்கு மாதம் 30 ரிங்கிட் போட்டோம். ஒருவன் பகுதிநேரமாகப் பெட்ரோல் நிலையத்தில் நின்றான்.

பொதுமக்கள் முன் நிகழ்ச்சி நடத்த உரிமம் வேண்டும் என்பதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். உங்களுக்கு அந்த அவசரம் வேண்டாம். நகராண்மை அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள், பொம்பாவிடமும் பேசிவிடுங்கள். நாங்கள் பெரும்பாலும் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டோம். ஆனால் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். பிறகு உள்ளே வந்தார்கள். நான்காவது மாதத்தில் பதினொரு பேர் பறை கற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் இருவர் தையல்கடைக்காரரின் பேரப்பிள்ளைகள்.

பதினான்கு மாதம் அங்கே இருந்தோம். பிறகு ஐந்து பேரும் விற்க ஒப்புக்கொண்டார்கள். ஆண்டி இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டார். சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்றும் மைலோதான். இப்போது அங்கே கைப்பேசிக் கடை இருக்கிறது. ஆலங்கன்று இருந்த இடத்தில் சிமெண்டுத் திட்டு தெரிகிறது. பிள்ளைகள் பதினொரு பேரும் தையல்கடையின் பின்னறையில் வாசிக்கிறார்கள். துணி மூட்டைகளுக்கு நடுவே நான்கு பேருக்கு மேல் நிற்க முடியாது என்பதால் முறை வைத்து வாசிக்கிறார்கள்.

அதே வரிசையில் இன்னொரு கடைவீடு பூட்டிக் கிடக்கிறது. போன வாரம் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டிவிட்டு வந்தேன்.