அனுபவம் நம் கடையிலேயே இருக்கிறது

கணனி படித்த மகனுக்குப் பயிலுனர் இடம் கிடைக்கவில்லை என்று கவலைப்படும் வாப்பாமார் பலர். 2004 டிசம்பர் சுனாமி வந்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய நம் நாட்டுக் கணனித் துறையினர் தொண்டர்களாகச் சேர்ந்து 'சஹானா' மென்பொருளை உருவாக்கினார்கள். 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் அது உதவியது. தேவை இருந்த இடத்தில் வேலை பிறந்தது.

நமது கடையிலும் தேவை இருக்கிறது. கடன் கொப்பியையும் ஸ்டொக்கையும் கணனியில் ஏற்றும் பொறுப்பை மகனிடம் கொடுங்கள். கடன் கொப்பியைக் காட்டத் தயங்க வேண்டாம். நாளை அவன் பொறுப்புத்தானே! மூன்று மாதம் கொப்பியும் கணனியும் சேர்ந்தே ஓடட்டும். மாத முடிவில் இரண்டையும் ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அவனே திருத்தட்டும். வாடிக்கையாளர் பெயர்கள் வெளியே போகாமல், செய்த வேலையை மட்டும் நேர்முகப் பரீட்சையில் காட்டலாம். நமக்கும் வராத கடன் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.