நிழல், எண், எதிரொலி: அடிபட்டவர் உடலுக்குள் பார்க்கும் வழிகள்

தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் சென்றவர்களுக்குத் தொப்பூர்க் கணவாய் நினைவிருக்கும். இருபுறமும் குன்றுகள், நடுவே வளைந்து இறங்கும் தேசிய நெடுஞ்சாலை. முன்பு 7 என்று எண்ணிட்டிருந்த இச்சாலைக்கு இப்போது எண் 44. பாரம் ஏற்றிய லாரிகள் இந்த இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழப்பது அடிக்கடி நேர்கிறது. 2020 டிசம்பரில் ஒரு லாரி மோதியதில் பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் நொறுங்கின, உயிர்களும் பலியாயின.

மோதலின் கடுமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்பது விநாடிக்குச் சுமார் 16.7 மீட்டர். மேலிருந்து விழும் ஒரு பொருள் இந்த வேகத்தை அடைய ஏறத்தாழ 14 மீட்டர் விழவேண்டும். அதாவது, அந்த வேகத்தில் சுவரில் மோதுவது நான்கு மாடி உயரத்திலிருந்து குதிப்பதற்குச் சமம்! அந்த ஆற்றல் முழுவதும் எங்கே போகிறது? வண்டியின் தகட்டை நசுக்கியது போக, மீதி மனித உடலுக்குள் போகிறது. எலும்பை முறிக்கிறது, கல்லீரலைக் கிழிக்கிறது, மூளையைக் குலுக்குகிறது. நம் மாவட்டத்தில் புளி உலுக்கும் காலத்தில் மரத்திலிருந்து விழுபவர்களுக்கும் இதே இயற்பியல்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்துவிட்டான். எழுந்து நின்றான். உடையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, நண்பர்களுடன் தேநீர்கூட அருந்தினான். காலில் மட்டும் வலி. மருத்துவமனையில் காலுக்கு எக்ஸ்-ரே எடுத்தார்கள், எலும்பு முறியவில்லை. "வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டவனை டாக்டர் விடவில்லை. தலையில் அடிபட்டிருப்பதால் சில மணி நேரம் இருக்கச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குள் தலைவலி வந்தது, வாந்தி எடுத்தான், பேச்சு குழறியது. உடனே தலைக்கு சி.டி. ஸ்கேன். மண்டையோட்டுக்குள் ரத்தக் கட்டு! அன்றிரவே அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள்.

மறுநாள் அவன் தந்தை என்னிடம் கேட்டார்: "ஏன் சார், காலுக்கு எடுத்த மாதிரி தலைக்கும் முதல்லயே ஒரு எக்ஸ்-ரே எடுத்திருந்தா தெரிஞ்சிருக்காதா?"

நியாயமான கேள்வி. அதற்கு நான் சொன்ன விடையைத்தான் இங்கு விரித்து எழுதுகிறேன்.

எக்ஸ்-ரே: ஒரு நிழல்

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்பும் மோதிரமும் அதில் தெளிவாகத் தெரிந்தன. 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது.

எக்ஸ்-ரே படம் என்பது ஒரு நிழல்தான். விளக்கொளியில் கையை நீட்டினால் சுவரில் நிழல் விழுகிறதல்லவா? அதுபோல, உடலின் ஒரு புறமிருந்து எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, மறுபுறம் தப்பி வருபவற்றைப் பதிவு செய்கிறோம். கனமான அணுக்கள் இக்கதிர்களை மிகுதியாக விழுங்குகின்றன. நோயறியப் பயன்படும் ஆற்றலில், விழுங்கும் திறனின் ஒரு முக்கியப் பகுதி அணு எண்ணின் மும்மடிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கிறது. தசையில் மிகுந்துள்ள ஆக்சிஜனின் அணு எண் 8. எலும்பிலுள்ள கால்சியத்தின் அணு எண் 20. இரண்டரை மடங்கின் மும்மடி பதினைந்துக்கும் மேல்! எனவே எலும்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிறது.

மூளையும் ரத்தமும் எப்படி? இரண்டும் பெரும்பாலும் நீரே. அடர்த்தியில் சில சதவீத வேறுபாடுதான். அந்த மெல்லிய வேறுபாட்டின் மேல் மண்டையோட்டின் கனத்த நிழல் விழுந்துவிடுகிறது. முன் எலும்பு, மூளை, பின் எலும்பு ஆகிய எல்லாவற்றின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுவதால், உள்ளே ரத்தம் கசிந்திருந்தாலும் எக்ஸ்-ரேயில் தெரியாது. எலும்பில் கீறல் இருந்தால் தெரியலாம். ஆனால் கீறலே இல்லாமலும் உள்ளே ரத்தம் கசியக்கூடும். மாணவனின் தந்தைக்கு முதல் விடை இதுதான்: எக்ஸ்-ரே எலும்பைப் பற்றிய கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும், மூளையைப் பற்றிக் கேட்டால் மௌனம் சாதிக்கும்.

சி.டி.: எண்களால் ஒரு படம்

நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுதான் சிக்கல் என்றால், பல திசைகளிலிருந்து நிழல் எடுத்து, கணக்குப் போட்டுப் பிரித்துவிடலாமே! சி.டி. ஸ்கேனின் அடிப்படை இதுவே. நீங்களே செய்து பாருங்கள்.

ஒரு சதுரத்தை நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் மறைந்திருக்கிறது. மேல் வரிசையின் கூட்டுத்தொகை 8; கீழ் வரிசை 6. இடப் பத்தி 9. வலப் பத்தி 5. எண்கள் எவை? 5, 3, 4, 2 என்று சொல்லலாம். ஆனால் 6, 2, 3, 3 என்றாலும் கணக்கு சரியாகவே வருகிறது! இப்போது இன்னொரு செய்தி தருகிறேன்: மேல் இடக் கட்டத்திலிருந்து கீழ் வலக் கட்டத்துக்குச் செல்லும் மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகை 7. உடனே ஐயம் நீங்கிவிடுகிறது. 5, 3, 4, 2 மட்டுமே விடை.

வரிசை, பத்தி, மூலைவிட்டம் ஒவ்வொன்றும் ஒரு திசையில் எடுத்த நிழல். திசைகள் கூடக்கூட, மறைந்திருக்கும் எண்கள் உறுதியாகின்றன. சி.டி. பொறியில் எக்ஸ் கதிர்க் குழாய் நோயாளியைச் சுற்றி வந்து, நூற்றுக்கணக்கான திசைகளில் நிழல்களை அளக்கிறது. உடலின் ஒரு குறுக்குவெட்டில் வழக்கமாக 512-க்கு 512, அதாவது 2,62,144 கட்டங்கள். அத்தனைக்கும் எண் கண்டுபிடிப்பது கணிப்பொறியின் வேலை.

இங்கிலாந்தின் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த பொறியில் 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. இதற்கான கணக்கை முன்னரே ஆராய்ந்திருந்த ஆலன் கார்மாக்கும் அவரும் 1979-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நம் நாட்டின் பங்கும் இதில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்குத் தலைமை வகித்து, பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்றவர் ஜி. என். ராமச்சந்திரன். அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் அதே 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நிழல்களை அப்படியே திருப்பிப் பரப்பினால் படம் மங்கலாகிவிடும். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு கணித வடிகட்டியில் செலுத்திவிட்டுப் பரப்பினால் படம் தெளியும், கணிப்பொறியின் வேலையும் வெகுவாகக் குறையும் என்று அவர்கள் காட்டினர். இந்த வகை முறை நெடுங்காலம் சி.டி. பொறிகளின் அடிப்படைக் கணக்காக விளங்கியது.

கட்டங்களில் கிடைக்கும் எண்களுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்று பெயர். நீருக்கு 0, காற்றுக்கு −1000, கொழுப்புக்கு −100 அளவில், மூளைக்கு 30 முதல் 40 வரை, புதிதாக உறைந்த ரத்தத்துக்கு 60 முதல் 80 வரை, கெட்டி எலும்புக்கு 1000 அளவில். எக்ஸ்-ரேயில் பிரித்தறிய முடியாத மூளையும் ரத்தமும் இங்கே வெவ்வேறு எண்களாகிவிட்டன. 0 முதல் 80 வரை உள்ள எண்களை மட்டும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை விரித்துக் காட்டும்படி கணிப்பொறிக்குச் சொன்னால், சாம்பல் நிற மூளையின் ஓரத்தில் ரத்தக் கட்டு வெள்ளையாகத் துலங்கும். என் மாணவனின் படத்தில் அது குவிலென்ஸ் வடிவில் இருந்தது. மண்டையோட்டோடு ஒட்டியிருக்கும் மூளையின் வெளியுறையை ரத்தம் பிரித்துத் தள்ளும்போது இந்த வடிவம் உண்டாகிறது.

மூடிய பெட்டி

அப்படியானால் முதலில் அவன் எப்படி நடந்தான், தேநீர் குடித்தான்? மண்டையோடு சுமார் ஒன்றரை லிட்டர் கொள்ளும் மூடிய பெட்டி. அதற்குள் மூளை, ரத்தம், மூளையைச் சூழ்ந்த திரவம் ஆகிய மூன்றும் உள்ளன. நான்காவதாக ரத்தக் கட்டு வந்தால், முதலில் திரவமும் சிரைகளிலுள்ள ரத்தமும் வெளியேறி இடம் தருகின்றன. அழுத்தம் அதிகம் கூடுவதில்லை. ஆளும் நன்றாகவே இருக்கிறார். அந்த இடம் தீர்ந்ததும், சில மில்லிலிட்டர் ரத்தம் கூடினாலே அழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. இடையிலுள்ள அந்தத் தெளிவான நேரம்தான் நம்மை ஏமாற்றுவது. "நல்லாத்தானே பேசினான்" என்று வீட்டுக்கு அழைத்துச் சென்று தூங்கவிட்டு, விடியற்காலையில் எழுப்பமுடியாமல் போன கதைகளை நாம் கேட்டிருக்கிறோம்.

மீயொலி: ஓர் எதிரொலி

வயிற்றில் அடிபட்டவருக்கு வேறொரு கருவி முந்திக்கொள்கிறது. வளர்ந்தவர் உடலில் இருப்பது ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்தால், வெளியே ஒரு துளி சிந்தாமலே அதில் பெரும்பகுதி வயிற்றறைக்குள் தேங்கிவிடலாம்.

விநாடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் தடவை அதிரும் ஒலியை உடலுக்குள் செலுத்தி, அதன் எதிரொலியைக் கேட்கிறது மீயொலிக் கருவி. திசுக்களில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். 10 செ.மீ. ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப, விநாடியின் பத்தாயிரத்தில் 1.3 பங்கு போதும். இரு வேறு திசுக்களின் எல்லையில் ஒலி எதிரொலிக்கும்; தேங்கிய ரத்தத்துக்குள் அத்தகைய எல்லைகள் இல்லாததால் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். கல்லீரலுக்கும் வலச் சிறுநீரகத்துக்கும் இடையில், மண்ணீரலுக்கும் இடச் சிறுநீரகத்துக்கும் இடையில், சிறுநீர்ப்பையைச் சுற்றி, இதயத்தைச் சுற்றி என நான்கு இடங்களை டாக்டர் படுக்கையருகிலேயே சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார். சிறிதளவு ரத்தம் தப்பிவிடலாம். அதனால் மீண்டும் மீண்டும் பார்ப்பார். கதிர்வீச்சு இல்லையாதலால் அதில் தயக்கமும் இல்லை.

எது முதலில்?

இவ்வளவு சொன்னபின், "எல்லோருக்கும் எல்லாப் படமும் எடுத்துவிடலாமே" என்று தோன்றும். அங்கேதான் தவறு. மூச்சுப்பாதை அடைபட்டவருக்கும் ரத்தம் கொட்டுபவருக்கும் முதலில் தேவை படமன்று. மூச்சும், ரத்தத்தை நிறுத்துவதும்தான். ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் ஒருவரை சி.டி. அறைக்குத் தள்ளிச் செல்வது ஆபத்து. அவருக்குப் படுக்கையருகிலேயே மார்பு எக்ஸ்-ரே, இடுப்பெலும்பு எக்ஸ்-ரே, மீயொலி ஆகியவற்றை முடித்து, தேவையானால் நேரே அறுவை அரங்குக்குக் கொண்டுபோவார்கள். எம்.ஆர்.ஐ. தண்டுவடத்தையும் தசைநார்களையும் அழகாகக் காட்டும்; ஆனால் நேரம் பிடிக்கும்; எனவே பெரும்பாலும் நிலைமை சீரான பிறகே அதன் முறை வரும்.

யாருக்குத் தலை சி.டி. வேண்டும் என்று தீர்மானிக்க டாக்டர்களிடம் எளிய அளவுகோல் இருக்கிறது. 1974-இல் கிளாஸ்கோ நகரில் உருவான அந்த அளவுகோலின்படி, கண் திறத்தல், பேச்சு, கை கால் அசைவு மூன்றுக்கும் சேர்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் இடுகிறார்கள். மதிப்பெண் குறைவதே எச்சரிக்கை. அன்று என் மாணவனை இருத்திவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது இதற்காகத்தான்.

கதிர்வீச்சையும் கருத வேண்டும். ஒரு தலை சி.டி.யில் கிடைப்பது சுமார் 2 மில்லிசீவெர்ட். இயற்கையிலிருந்து ஆண்டு முழுவதும் நமக்குக் கிடைக்கும் உலகச் சராசரியான 2.4-க்கு அது கிட்டத்தட்டச் சமம். தேவைப்படும்போது அஞ்ச வேண்டியதில்லை. தேவையின்றி, அதிலும் குழந்தைகளுக்கு, வற்புறுத்திக் கேட்கவும் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

விபத்தைக் கண்டால் 108-ஐ அழையுங்கள். முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரை, சாலையில் வேறு ஆபத்து இருந்தாலொழிய, ஆட்டோவில் மடக்கி உட்காரவைக்காதீர்கள். தூக்கியே ஆகவேண்டுமென்றால், தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க நாலைந்து பேராகத் தூக்குங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மயக்கத்திலுள்ளவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தலையில் அடிபட்டவருக்குத் தலைவலி கூடினாலும், மீண்டும் மீண்டும் வாந்தி வந்தாலும், தூக்கக் கலக்கமோ வலிப்போ கண்டாலும், காதிலோ மூக்கிலோ நீரோ ரத்தமோ கசிந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

உதவப் போனால் போலீஸ் தொல்லை வரும் என்ற அச்சம் வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரி சொல்லும்படி அவரை வற்புறுத்த முடியாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

இவ்வளவையும் கேட்ட அந்தத் தந்தை, "அப்படின்னா மெஷினைவிட, அவனை வீட்டுக்கு விடாம உக்கார வெச்சாரே அந்த டாக்டர், அவருதான் சார் பெரிசு" என்றார். அவர் சொன்னது சரிதான். சி.டி. பொறி எண்களைத் தரும். எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று அறிய, அருகிலிருந்து கவனிக்கும் மனிதர் வேண்டும். மருத்துவமனை வந்து சேரும்வரை அந்த மனிதர் நீங்களாகவும் இருக்கலாம்.