சேர்வராயன் மலையில் பூசணம்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டைத் தென்மேற்குப் பருவமழையும் நனைக்கிறது, வடகிழக்குப் பருவமழையும் நனைக்கிறது. மழை ஓய்ந்தால் மூடுபனி இறங்கும். காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் வாழ்வளிக்கும் இந்த ஈரமே, அலமாரியில் மடித்து வைத்த பட்டுப்புடவைக்குக் கேடாகிறது.

பூசணத்தின் நுண்வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவற்றை முற்றும் ஒழித்தல் இயலாது. அவற்றின் உணவுக்கும் பஞ்சமில்லை. செருப்புத் தோலின் கொழுப்பு, நூற்கட்டின் பசை, துணியில் தங்கிய வியர்வை, சுவரில் படிந்த தூசு ஆகிய எதுவும் போதும். நாம் மறுக்கக்கூடியது நீர் ஒன்றே.

அந்த நீர் கூரை ஒழுக்கில் மட்டும் வருவதன்று. 25 பாகை வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையில் 13 கிராம்கூடத் தாங்காது. ஆகவே 20 பாகை வெப்பமுள்ள அறையின் நடுவே ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடாக இருக்கையில், 16 பாகைக்குக் குளிர்ந்த வெளிச்சுவரை ஒட்டிய காற்றில் அது 90 விழுக்காட்டை நெருங்கிவிடுகிறது. 80 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தாலே பூசணம் முளைவிடும். அலமாரியின் முன்பக்கம் துப்புரவாயிருக்க, சுவரோடு ஒட்டிய முதுகுப்பலகையில் கரும்புள்ளிகள் படர்வது இதனால்தான்.

இக்கணக்கு காப்பித் தோட்டத்தார்க்குப் புதிதன்று. சேலம் ஆட்சியர் காக்பர்ன் 1820களில் இம்மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார். பறித்த காப்பிக்கொட்டையைக் களத்தில் பரப்பிக் கிளறிக்கிளறி, ஈரம் 12 விழுக்காட்டுக்கு மேற்படாதவாறு உலர்த்துவர். ஈரம் மிஞ்சினால் பூசணம் பற்றும். பூசணங்களுட் சில, சிறுநீரகத்துக்கு ஊறு செய்யும் ஓக்ராடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கும். களத்தில் இத்துணை விழிப்பாயிருப்பவர் வீட்டில் ஈரத்துணியை அறைக்குள்ளேயே கொடிகட்டி உலர்த்துவது வியப்பே.

பூசணம் பற்றிய வழவழப்பான ஓடுகளையும் கண்ணாடியையும் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவித் துடைத்தால் போதும். காரைச்சுவரின் கதை வேறு. பிளீச்சிங் கரைசல் மேற்பரப்பை வெளுக்கும். நுண்துளைகளில் ஊன்றிய இழைகளை அது முழுதும் எட்டாது, கரைசலின் நீரோ சுவருக்குள் இறங்கும். சுரண்டி, நன்கு உலர்த்தி, சுண்ணாம்பு அடிப்பதே தக்கது. புதுச்சுண்ணாம்பின் கடுங்காரம் பூசணத்துக்கு ஒவ்வாது. நீராவி வெளியேறவும் அது வழிவிடும். ஈரச்சுவரின்மேல் பிளாஸ்டிக் வண்ணம் பூசுவது ஈரத்தை உள்ளே சிறைவைப்பதாகும். பிளீச்சிங் தூளோடு வினிகரை ஒருபோதும் கலக்கலாகாது. நச்சுக் குளோரின் வளி எழும். சுரண்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க.

பூசண இனம் முழுவதையும் பகையென்று கொள்ளவும் வேண்டா. ஏற்காட்டின் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் வளரும் செடிகளின் விதைகள், இயற்கையில் முளைப்பதற்கே ஒரு பூசணத்தின் துணை வேண்டும்.

விடுமுறைக்கு மட்டும் வந்து மாதக்கணக்கில் பூட்டிச் செல்லும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அதன் கதவைத் திறந்தே விடுங்கள். மூடுபனி விலகிய நண்பகல்களில் பலகணிகளைத் திறந்துவைக்க உள்ளூரில் ஒருவரிடம் சாவியைக் கொடுத்துச் செல்லுங்கள்.