மாதிரி ராக்கெட்டுக்கு மின்சாரத் திரி

1957-இல் ஸ்புட்னிக் விண்ணேறியபின், அமெரிக்கச் சிறுவர் பலர் வீட்டிலேயே ராக்கெட் செய்யத் தலைப்பட்டனர். காயமுற்றோர் பலர், உயிரிழந்தோரும் உண்டு. நெப்ராஸ்காவைச் சேர்ந்த செருப்புக் கடைக்காரர் ஆர்வில் கார்லைல் அமைத்த காகித ராக்கெட்டை அவ்வாண்டிலேயே கண்ட பொறியாளர் ஹாரி ஸ்டைன், இப்பொழுதுபோக்கிற்குப் பாதுகாப்பு விதிகளை வகுத்தார். தீக்குச்சி விலக்கப்பட்டது, மின்சாரமே தீ மூட்டவேண்டும் என்றாயிற்று. ஏவுவோர் சிறு மோட்டாருக்கு 15 அடியும், பெரியதற்கு 30 அடியும் விலகி நிற்பர்.

மெல்லிய நிக்ரோம் கம்பி மின்னோட்டத்தால் செங்கனலாகக் காய்ந்து, தன்மேல் பூசிய கலவையைப் பற்றவைக்கிறது. மின்னோட்டம் பாதியானால் உஷ்ணம் காற்பங்காகிவிடும். ஆகவே தளர்ந்த பாட்டரியும் நீண்ட கம்பியும் திரியை ஏமாற்றிவிடும். திரியைத் தாமே செய்வோர், மோட்டாரில் செருகாமல், களத்திற்குரிய அதே பாட்டரியும் கம்பியும் கொண்டு ஒரு மாதிரியைத் தனியே சோதித்தறிவர். எளிதில் பற்றும் திரியும் அபாயமே. இணைப்பைச் சரிபார்க்கும் சிறு விளக்கின் மின்னோட்டமே அதைப் பற்றவைத்துவிடக்கூடும்!

பற்றாத ராக்கெட்டுதான் மிகப் பொல்லாதது. திரிமுனை எரிபொருளைத் தொடாமையே பெரும்பாலும் காரணம். ஆயினும், பாதுகாப்புச் சாவியைக் கழற்றியபின் 60 விநாடி வரை எவரும் அதனை அணுகலாகாது. ஆவல் மிகுந்த சிறுவர்க்கு இது கடினமான விதிதான். அமெரிக்கத் தேசிய ராக்கெட்டியல் சங்கம் இதனைத் தளர்த்தவில்லை.