ஒன்றரை மடங்கு வோல்ட், இரண்டே கால் மடங்கு வெப்பம்!

மின் சிகரெட்டில் நெருப்பு இல்லை. மின்கலத்தோடு இணைந்த சிறு கம்பிச்சுருள் சூடாகி, நிகோடின் கலந்த திரவத்தை ஆவியாக்குகிறது.

இக்கருவிகளில் மூன்று வகைகளைப் பார்ப்போம். முதல் வகையில் மின்கலம் நேரே சுருளுடன் இணைந்திருக்கும். முழுதும் மின்னேற்றிய லித்தியம் மின்கலத்தின் அழுத்தம் சுமார் 4.2 வோல்ட். அது தீரத் தீர அழுத்தமும் சூடும் குறையும். இரண்டாம் வகையில் மின்சுற்று ஒன்று அழுத்தத்தைச் சீராக வைக்கும். வேண்டிய அளவுக்குக் கூட்டிக் குறைக்கவும் செய்யலாம். மூன்றாம் வகை, சுருளின் மின்தடையை அளந்து, நாம் குறிக்கும் திறனுக்கு ஏற்ற அழுத்தத்தைத் தானே அமைத்துக்கொள்ளும்.

இரண்டாம் வகையில் என்ன நிகழ்கிறது? மின்திறன் என்பது அழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் கிடைப்பது என்று படித்திருப்பீர்கள். 2 ஓம் சுருளுக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் சுமார் 5.4 வாட், 5 வோல்ட் கொடுத்தால் 12.5 வாட்! அழுத்தம் ஒன்றரை மடங்கு உயர, வெப்பம் இரண்டே கால் மடங்கைத் தாண்டிவிடுகிறது.

திரவத்திலுள்ள கிளிசரின் மிகுந்த சூட்டில் சிதைந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். உயிரியல் கூடத்துப் புட்டிகளில் உள்ள ஃபார்மலின் இதன் கரைசலே. இது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அமெரிக்காவின் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட சோதனையில், ஃபார்மால்டிஹைடு தரும் சேர்மங்கள் 3.3 வோல்ட்டில் தென்படவில்லை. 5 வோல்ட்டில் தென்பட்டன. அவ்வளவு சூட்டில் ஆவி கசந்துவிடும், யாரும் இழுக்கமாட்டார்கள் என்று மறுத்தோரும் உண்டு.

அப்படியானால் குறைந்த வோல்ட் தீங்கற்றதா? இல்லை. நிகோடின் மனிதனை அடிமையாக்கும் பொருள். அழுத்தத்தைக் குறைப்பதால் அக்குணம் மாறாது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இக்கருவிகளின் உற்பத்தியையும் விற்பனையையும் தடைசெய்துள்ளது.